உறக்கம் கூலி அன்று

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது நம் வீடுகளில் வழங்கும் முதுமொழி. களைத்தவனுக்குக் கட்டாந்தரையும் பஞ்சணைதான் என்பது அதன் கருத்து. முதுமொழிகள் பெரும்பான்மையோரின் பட்டறிவிலிருந்து பிறப்பவை. எஞ்சிய சிலரைப் பற்றி அவை வாய்திறப்பதில்லை. களைப்பு இருக்கிறது, பாயும் தலையணையும் இருக்கின்றன, சாத்திய கதவும் அணைத்த விளக்கும் இருக்கின்றன, விடிந்தால் தலைபோகும் காரியம் என்று ஒன்றும் இல்லை, ஆயினும் உறக்கம் மட்டும் வரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் கிடப்பவருக்கு அந்த முதுமொழியில் இடமில்லை. அவரைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறேன். இதை எழுதுகின்ற எனக்கும் இரவுகளோடு நீண்டநாள் பழக்கம் உண்டு என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவது முறை.

தேர்வுக்கு முந்தைய இரவிலும், மகளுக்கு வரன் பேசி முடித்த இரவிலும், துக்கம் நடந்த வீட்டிலும் உறக்கம் வராமற்போவது எல்லாருக்கும் உண்டு. அது நோயன்று. வாரத்தில் குறைந்தது 3 இரவுகள், தொடர்ந்து 3 மாதங்களுக்கு மேல், உறங்குவதற்கு வாய்ப்பிருந்தும் உறக்கம் வராமலோ இடையில் கலைந்தோ போய், அதனால் பகற்பொழுதும் குலைந்துபோனால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவ நூல்கள் வகைப்படுத்துகின்றன. மூன்று மாதம் என்பது வாயிற்படி மட்டுமே. பலர் அந்தப் படியைத் தாண்டி உள்ளே வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இத்தகையோருக்கு மருத்துவம் இன்று சொல்லும் வழி மாத்திரையிலிருந்து தொடங்குவதில்லை என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் முதற் சிகிச்சையாக அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையையே பரிந்துரைத்தது. பெயர் நீளம், உள்ளடக்கம் எளிது. அதன் இரண்டு தூண்களைச் சொன்னால் போதும். ரிச்சர்டு பூட்சின் என்ற உளவியலார் 1972இல் முதல் தூணை நாட்டினார். படுக்கையை உறக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்து. உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போ. கண் செருகும்போது திரும்பி வா. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. ஆண்டுக்கணக்கில் விழித்துக்கிடந்த படுக்கை, மனத்துக்கு விழிப்பின் இடமாகவே பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை அவிழ்ப்பதே இதன் நோக்கம்.

இரண்டாம் தூண் சற்றுக் கடுமையானது. ஆர்தர் ஸ்பீல்மனும் அவருடன் உழைத்தவர்களும் 1987இல் அதை எழுதினார்கள். ஒருவர் 9 மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார் என்றால், அவருக்குப் படுக்கையில் ஏறக்குறைய அந்த ஐந்தரை மணி நேரமே அனுமதி. இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழ வேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் உறக்கமாக மாறிய பிறகு, வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். பட்டினியால் பசியைத் தூண்டுவது போன்ற முறை இது. இதன் பின்னால் உள்ள அறிவியலும் நம்பத்தக்கதே. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் உறக்கத்துக்கான அழுத்தத்தைக் கூட்டுகிறது. அத்துடன் உடலுக்குள் ஓடும் ஒரு கடிகாரம் எப்போது உறங்கலாம் என்று வாயிலைத் திறக்கிறது. இவ்விரண்டும் சேரும்போது உறக்கம் வருகிறது என்று அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் வகுத்துக் காட்டினார். (மாலை ஐந்து மணிக் காப்பி அந்த அழுத்தத்தைக் குறைப்பதில்லை, அழுத்தம் மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. காப்பியை விட மனமில்லாதவர்கள் இவ்வரியைத் தாண்டிச் செல்லலாம்.)

இம்முறை பலரைக் கரையேற்றியிருக்கிறது. இதை முயன்று பாராமல், தகுதியான மருத்துவரிடம் காட்டாமல், எனக்கு எதுவும் பலிக்காது என்று எவரும் முடிவுகட்டக் கூடாது. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், கால்களில் ஓயாத குறுகுறுப்பு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, வேறு நோய்க்கு உண்ணும் மருந்து என்று காரணங்கள் பல மறைந்திருக்கலாம். அவற்றைக் கண்டறிந்தாலே பாதிப் பாரம் இறங்கும். பழைய தூக்க மாத்திரைகளில் பல நாளடைவில் ஆளை அடிமைகொள்ளும். முதியோரைத் தடுமாறி விழவும் செய்யும். மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற பொருள் 1998இல் கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தடுக்கும் முதல் மருந்து 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிலருக்கு அது உதவுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எண்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இச்சிகிச்சை குறித்த 20 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று 2015இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 19 நிமிடம் முன்னதாக உறங்கத் தொடங்கினார்கள். நடுவில் விழித்திருந்த நேரம் 26 நிமிடம் குறைந்தது. ஆனால் மொத்த உறக்கம் கூடியது 8 நிமிடத்துக்கும் குறைவு. சிதறிக்கிடந்த உறக்கத்தைச் சிகிச்சை ஒன்றுசேர்க்கிறது; கூடுதலாகத் தருவது சிறிதளவே. ஒன்றுசேர்ந்த உறக்கமே பலருக்குப் பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. எனினும் நோய் முற்றிலும் நீங்கியவர் என்று சொல்லத்தக்கவர்கள், இச்சிகிச்சையை முடித்தவர்களில் பாதிக்கும் குறைவே.

எஞ்சியவர்களின் கதி என்ன? அவர்கள் குறிப்பேடு எழுதினார்கள், காப்பியை விட்டார்கள், தொலைபேசியைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தார்கள், நள்ளிரவில் கட்டிலைவிட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள், ஐந்தரை மணி நேரத் தண்டனையை மாதக்கணக்கில் ஏற்றார்கள். சொன்னதையெல்லாம் செய்தும் உறக்கம் வரவில்லை. மருத்துவரின் கேள்வி இங்கே முடிகிறது. அறத்தின் கேள்வி தொடங்குகிறது. செய்ய வேண்டிய அனைத்தையும் செய்த பிறகும் கிடைக்காத ஒன்றோடு மனிதன் எப்படி வாழ்வது? இன்னும் முயலாததுதான் குற்றமா, முயற்சியை நிறுத்தாததுதான் குற்றமா?

உலகில் மனிதன் பெறக்கூடிய நன்மைகள் இருவகை. உழவும் கல்வியும் வீடு கட்டுதலும் முயற்சியால் வருபவை. அங்கே மெய்வருத்தத்துக்குக் கூலி உண்டு. சிரிப்பு, மறதி, பிறர் அன்பு, பணிவு ஆகியன வேறு வகை. மறந்துவிட வேண்டும் என்று முயல்பவன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் பணிவுள்ளவனாகிவிட்டேனா என்று அடிக்கடி சோதிப்பவனிடம் பணிவு தங்குவதில்லை. உறக்கம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. காலின் எஸ்பி என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2006இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். நன்றாக உறங்குபவர் உறக்கத்துக்காக எதையும் செய்வதில்லை. உறங்காதவரோ அதைக் கவனிக்கிறார், அதை நாடுகிறார், அதற்காக உழைக்கிறார். அந்த மூன்றுமே அதை விரட்டுகின்றன. வாழ்க்கை முழுவதும் உழைப்பால் முன்னேறியவர்கள் இதில் அதிகம் அகப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். எல்லாக் கதவுகளையும் திறந்த சாவி இந்தக் கதவுக்கு மட்டும் பூட்டாகிவிடுகிறது என்பதை அவர்களால் நம்ப முடிவதில்லை.

வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிள் (1905–1997) இதற்கு ஒரு தந்திரம் கண்டார். உறங்க முயலாதே, எவ்வளவு நேரம் விழித்திருக்க முடியும் என்று பார் என்று நோயாளியிடம் சொன்னார். உறங்கியாக வேண்டும் என்ற அச்சம் அகன்றதும் சிலருக்கு உறக்கம் தானே வந்தது. நாசி முகாம்களிலிருந்து மீண்டபின் 1946இல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூலின் பிற்பகுதியிலும் இம்முறை இடம்பெற்றுள்ளது. நல்ல வழி. பலருக்குப் பயன்பட்டது. ஆனால் நாட்பட்ட நோயாளியின் மனம் நாம் நினைப்பதைவிடக் கூரியது. ‘விழித்திருக்க முயல்கிறேன், அதனால் உறக்கம் வரும்’ என்று அது கணக்குப்போடத் தொடங்கிவிடும். ‘இந்த நோயை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று உதடுகள் சொல்லும். ‘ஏற்றுக்கொண்டால் தூங்கலாமாமே’ என்று உள்ளே ஒரு குரல் பேரம் பேசும். ஏற்பு என்பதும் இன்னொரு மாத்திரையாகிவிட்டால், மற்ற மாத்திரைகளைப் போலவே அதுவும் ஒருநாள் வேலை செய்யாமற்போகும்.

ஆகவே ஏற்பு என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்துவோரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இந்த உறக்கம் இனி ஒருபோதும் சீராகாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தச் சொல் நிற்குமா? நிற்குமானால் அது மெய்யான ஏற்பு. பலன் கருதிய ஏற்பு கொடுக்கல் வாங்கல்தான். மெய்யான ஏற்பு வேறு, கைகழுவி விடுதல் வேறு என்பதும் கவனத்துக்குரியது. காலில் ஊனமுற்றவர் தம் காலை ஏற்றுக்கொள்கிறார் என்றால், ஊன்றுகோலைத் தூக்கியெறிகிறார் என்று பொருளன்று. ஊன்றுகோலோடு சந்தைக்குப் போகிறார் என்று பொருள். அதுபோலவே, மருத்துவர் சொன்ன எழும் நேரத்தை விடாமல் காத்துக்கொண்டே, இன்றிரவு உறக்கம் வருமா என்ற விசாரணையை மட்டும் முடித்துக்கொள்வது இயலும். கடினம், ஆனால் இயலும்.

இதற்கு வெளியிலிருந்து வரும் தடையே பெரிது. உறக்கமற்றவரை உலகம் ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். என்னிடமே ஒரு நண்பர், நல்லெண்ணத்தோடுதான், ‘மனசில் ஏதாவது உறுத்தல் இருக்கும் சார், ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பாருங்களேன்’ என்றார். ஒப்புரவு அருட்சாதனம் பாவத்துக்கு மருந்து; நரம்புக்கு மருந்தாக அதை எவரும் நிறுவவில்லை. கடவுள் தம் அன்பர்களுக்கு உறக்கத்தை அருள்கிறார் என்ற பொருள்படும் 127ஆம் திருப்பாடல் அடியையும் இவ்வாறே தடியாக எடுப்பார்கள். உறக்கம் வரவில்லையானால் நான் அன்பருள் ஒருவன் அல்லனோ என்று உள்ளம் நொந்தவர்களை அறிவேன். அத்திருப்பாடல், எல்லாம் தன் உழைப்பால்தான் நடக்கிறது என்று எண்ணி விடியுமுன் எழுந்து நள்ளிரவில் படுப்பவனின் இறுமாப்பை நோக்கிப் பேசுகிறது. நோயாளியை அது கூண்டில் ஏற்றவில்லை.

உறக்கம் நல்லொழுக்கத்தின் கூலியானால், விவிலியத்தின் உறங்கும் மனிதர்கள் அக்கணக்குக்குள் அடங்கவேண்டும். அவர்கள் அடங்குவதில்லை. கடவுளின் கட்டளைக்கு அஞ்சி ஓடிய யோனா, புயலில் தத்தளித்த கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். ஒரு குற்றமும் அறியாத கப்பலாட்கள்தாம் விழித்து அலறினார்கள். கெத்சமனியில் சீடர்கள் உறங்கினார்கள்; குற்றமற்றவர் விழித்திருந்தார். அதே இயேசு வேறொரு நாள் படகின் பின்புறத்தில் தலையணை வைத்து உறங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அன்று விழித்திருந்தவர்கள் சீடர்கள். நேர்மையாளரான யோபுவோ படுத்ததும் எப்போது எழுவேன் என்று விடியும்வரை புரண்டவர். இவற்றையெல்லாம் ஒரு தராசில் நிறுத்த முடியுமா? உறக்கத்தைக் கொண்டு மனிதனின் உள்ளத்தை அளக்க முயல்வது, மழையளவைக் கொண்டு ஓர் ஊரின் நீதியை அளப்பதைப் போன்றதே.

பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் பெகியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1911, 1912ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதைகளில் கடவுளே பேசுகிறார். பகலில் நன்றாக உழைத்தும் இரவில் உறங்காத மனிதன்மேல் அவர் மனத்தாங்கல் கொள்கிறார். அவனுக்குத் தம்மேல் நம்பிக்கை இல்லையே என்று குறைப்படுகிறார். கவலையைக் கட்டிக்கொண்டு அழுபவனுக்கு அது அழகான கண்டிப்பு. ஆனால் நம்பிக்கை நிறைந்தும் நரம்பு ஒத்துழைக்காதவன் அதைப் படிக்க நேர்ந்தால்? நல்ல உறக்கம் உள்ளவர்கள் உறக்கத்தைப் பற்றி எழுதும்போது நேரும் பிழை இது. வியப்பு என்னவென்றால், பெகி பிறந்த அதே 1873 சனவரியில், அவருக்கு ஐந்தே நாள் முன்னதாகப் பிறந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதற்கு மறுமொழி தந்துவிட்டார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்கு எதிர்த்திசைத் தொல்லை: கார்மேல் மடத்தில் தியான நேரத்திலும் நன்றியறிதல் நேரத்திலும் அவர் ஆண்டுக்கணக்கில் தூங்கி விழுந்தார். அதற்காக வருந்தவேண்டியவள்தான் நான் என்று எழுதிவிட்டு, குழந்தைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒன்றுபோல்தானே இனிக்கிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். அந்த வாதத்தைத் திருப்பிப் போட்டாலும் அது குலைவதில்லை. தூங்கும் குழந்தையைப் போலவே தூங்காத குழந்தையும் தாய்க்கு இனியதே. சற்றுக் களைப்பைத் தருமே தவிர.

எல்லா விழிப்பும் நோயன்று என்பதையும் இங்கே மறத்தல் தகாது. நெருப்பின் நடுவே உறங்கினாலும் உறங்கலாம், வறுமையின் நடுவே கண்மூட முடியாது என்ற கருத்தை வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில் (குறள் 1049) வைத்தார். பேருந்து நிலையத் திண்ணையில் படுப்பவர், வாரம் ஒரு நேரமாக மாறும் பணிமுறையில் உழைப்பவர், கடன்காரன் விடியலில் வருவான் என்று அறிந்தவர் ஆகியோருக்கு நடத்தைச் சிகிச்சை சொல்வது, பசித்தவனுக்குச் செரிமான மருந்து கொடுப்பதாகும். அவர்களுடைய உறக்கத்தைப் பறித்தவை வெளியில் இருக்கின்றன. அவற்றின் பெயரும் முகவரியும் நமக்குத் தெரியும். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று என்றாலும், அவர்களைத் தனியே பிரித்துச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

இனி அந்த இரவைப் பற்றி. இம்மானுவேல் லெவினாஸ் என்ற தத்துவ ஞானி (1906–1995) இரண்டாம் உலகப் போரில் செருமானியரின் போர்க்கைதியாக ஆண்டுகள் பல கழித்தவர். அக்காலத்தில் தொடங்கி 1947இல் வெளியிட்ட நூலில் தூக்கமின்மையை ஆழமாக ஆராய்ந்தார். உறக்கமற்ற இரவில் விழித்திருப்பது ‘நான்’ அன்று. விழிப்பு என்னும் ஒன்று என்வழியே நிகழ்கிறது. எதையும் நோக்காத, எதற்கும் காத்திராத, விலகிக்கொள்ள இடமில்லாத விழிப்பு அது என்பது அவர் கண்டது. அனுபவித்தவர்களுக்கு இது கடினமான தத்துவமாகத் தோன்றாது. மூன்று மணிக்குச் சுவரில் பல்லி ஒலிக்கும்போது, நான் பல்லியைக் கேட்கிறேன் என்பதைவிட, கேட்டல் ஒன்று அறைக்குள் நிற்கிறது என்பதே பொருந்தும். நான் என்பவன் ஓய்ந்துவிட்டான். விளக்கை அணைக்கத்தான் ஆளில்லை. உறங்குவதற்கு ஒரு ‘நான்’ வேண்டும், ஓர் இடத்தில் தலைசாய்த்து உலகை ஒப்படைத்துவிடும் ‘நான்’ என்று லெவினாஸ் சொல்வதும் இதனால்தான்.

நம் முன்னோரும் இந்நிலையை அறிந்திருந்தனர். குறுந்தொகையில் பதுமனார் பாடிய 6ஆம் பாடலின் தலைவி, ஊரெல்லாம் ஒலியடங்கி உறங்கும் யாமத்தில் தான் ஒருத்தி மட்டும் விழித்திருப்பதைச் சொல்கிறாள். தலைவன் பிரிந்த துயரைவிட உறங்குவோர் அனைவரும் சேர்ந்து தன்னைத் தனியே விட்டுவிட்டார்கள் என்ற உணர்வே அப்பாட்டில் மேலோங்கி நிற்பதாக எனக்குப் படுகிறது. தூக்கமின்மையின் உட்கசப்பு அதுதான். பக்கத்தில் படுத்திருப்பவரின் சீரான மூச்சு, ஓர் அன்புக்குரியவரின் மூச்சு, அந்நேரத்தில் அயல்நாட்டு மொழிபோல் ஒலிக்கும்.

பழங்காலத்தில் எல்லாரும் இரவின் நடுவில் ஒருமுறை விழித்தெழுந்தவர்களே, எனவே உங்கள் விழிப்பு இயற்கையே என்று ஆறுதல் சொல்லும் எழுத்துகள் இப்போது பெருகியுள்ளன. ரோஜர் எகர்ச் என்ற வரலாற்றாசிரியர், தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் முதல் உறக்கம், இரண்டாம் உறக்கம் என்று மக்கள் பிரித்துப் பேசியதற்குச் சான்றுகள் திரட்டி 2001இலும் 2005இலும் எழுதினார். நாள்தோறும் 14 மணி நேர இருளில் வைக்கப்பட்டவர்களின் உறக்கம் இரண்டாகப் பிரிவதை 1990களின் தொடக்கத்தில் தாமஸ் வேர் ஆய்வில் கண்டார். ஆனால் தான்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்விளக்கின்றி வாழும் மூன்று பழங்குடிகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த கட்டுரை, அவர்களிடம் அத்தகைய பிரிவைக் காணவில்லை. அவர்கள் ஏறத்தாழ ஆறு ஆறரை மணி நேரமே உறங்கினார்கள் என்றும் சொன்னது. எட்டு மணி நேரம் உறங்காவிட்டால் அழிந்தோம் என்ற அச்சத்தைத் தணிக்க இவை உதவும். அதற்குமேல் இவற்றின் மீது பாரம் ஏற்றவேண்டாம். என் விழிப்பு இயற்கையானது என்று நிறுவுவதால் மறுநாளின் தலைபாரம் குறைவதில்லை.

துறவியரின் இரவு விழிப்பைக் காட்டி, உங்களுக்கும் இது ஓர் அழைத்தல் என்பாரும் உண்டு. இதை நான் ஏற்பதில்லை. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் இரவுச் செபத்துக்கு எழும் நேரத்தை வகுத்தபோது, குளிர்காலத்தில் துறவியர் இரவில் பாதிக்கும் சற்று மேலாக உறங்கி, உண்டது செரித்த பிறகே எழவேண்டும் என்று கணக்குப் பார்த்தார். உறங்கி எழுந்தவனின் விழிப்பு அவன் கொடுக்கும் காணிக்கை. உறங்காதவனிடம் கொடுக்க என்ன இருக்கிறது? அவனிடமிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. செபிக்க முடிந்தால் செபிக்கலாம். செபமாலையைத் தூக்க மணியாக எண்ணி உருட்டுவதும் குற்றமன்று. ஆனால் துன்பத்துக்குப் பொன்முலாம் பூசி, அதைத் துன்புறுபவன் கையிலேயே கொடுப்பது இரக்கமாகாது.

அந்நேரத்துக்கென்று ஒரு விதியை மட்டும் பலர் தாமாகவே கண்டடைந்திருக்கிறார்கள். இரவு மூன்று மணிக்கு மனம் வழங்கும் தீர்ப்பு எதையும் ஏற்பதில்லை என்பதே அது. அந்நேரத்தில் பிள்ளையின் சிறு பிழை பெரும் நன்றிகேடாகத் தெரியும். தீர்ந்துபோன பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும். வாழ்க்கை முழுவதும் தோல்வி என்று தீர்ப்பாகும். களைத்த மூளையின் வேலை அது. தீர்ப்பை எழுதி முடிக்கட்டும்; கையெழுத்தைக் காலை எட்டு மணிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், எட்டு மணிக்கு அந்தத் தாளே காணாமற்போயிருக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமானால் மட்டும் ஒத்திவைத்தல் கூடாது. அப்போதே ஒருவரை எழுப்பவேண்டும், விடிந்ததும் மருத்துவரைப் பார்க்கவேண்டும். நாட்பட்ட தூக்கமின்மை அந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்பது தெளிவாக அறியப்பட்ட ஒன்று.

பகலுக்கும் கடமைகள் உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 0.03 விழுக்காடே. கண்ணயராத இரவுக்குப் பின் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது துணிவன்று; அந்நாளில் பேருந்தில் போவது அறம். பொறுமை குறையும் நாளில் முடிவுகளைத் தள்ளிப்போடுவதும், மாணவரையும் மருமகளையும் கடிந்துபேசும் முன் ஒருமுறை வாசற்பக்கம் போய் வருவதும் அத்தகையவே. நோய்க்கு நாம் பொறுப்பல்லர். நோயோடு நடக்கும் நடைக்குப் பொறுப்பு நமதே.

சுற்றத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பாலில் சாதிக்காய், கசகசா, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் என்று நீங்கள் சொல்வதையெல்லாம் அவர் எப்போதோ செய்து பார்த்துவிட்டார். காலைதோறும் ‘நேற்றாவது தூக்கம் வந்ததா?’ என்று கேட்பது, தேர்வில் தவறியவனிடம் நாள்தோறும் மதிப்பெண் கேட்பதாகும். காப்பி கொடுக்கலாம், செய்தித்தாளில் ஒன்றைச் சுட்டிப் பேசலாம். அவரும் தம் இரவின் கணக்கைக் காலையில் எல்லாரிடமும் வாசித்துக் காட்டாமல் இருக்கலாம். கேட்காமையும் சொல்லாமையும் சேரும்போது வீட்டில் உறக்கமின்மைக்கு ஒரு மூலை மட்டும் கிடைக்கும். கூடம் மற்றவற்றுக்கு எஞ்சும்.

எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் எழுபதைத் தாண்டியவர். பெரிய மருத்துவமனைவரை சென்று வந்தாயிற்று; சொன்ன ஒழுங்கையெல்லாம் இன்றும் காக்கிறார்; உறக்கம் மட்டும் நான்கு மணி நேரத்துக்குமேல் நீள்வதில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் மாட்டச் சொல்லிவிட்டார். ‘அத்தை, சும்மாவாவது கண்ணை மூடிப் படுங்களேன்’ என்று மருமகள் கெஞ்சியபோது, ‘மூடித்தான் பார்த்தேன் தாயி, உள்ளே வெளிச்சமா இருக்கு’ என்றாராம். இரண்டு மணிக்கு எழுந்து, சமையலறையின் மங்கலான விளக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பகலில் மருமகள் தட்டி வைத்த புளியிலிருந்து கொட்டையையும் நாரையும் விரல்களால் பிரித்தெடுக்கிறார். புளி இல்லாத மாதங்களில் அரிசியில் கல் பொறுக்குகிறார். சில இரவுகளில் முறத்தின்மீதே கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அந்த வீட்டுக் குழம்பில் இதுவரை ஒரு கொட்டைகூட எவர் பல்லிலும் அகப்பட்டதில்லை என்று மருமகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.